ரிசர்ச் கவுன்சிலுக்கு ஒரு திறந்த மடல்: ரத்தம் குடுத்தவங்களுக்கும் ரிசல்ட் சொல்லுங்க

நம்ம யுனிவர்சிட்டி ரிசர்ச் கவுன்சில்ல இருக்குற பெரியவங்களுக்கும், எத்திக்ஸ் கமிட்டி மெம்பர்ஸுக்கும், மேல்படிப்பு (பிஜி) டாக்டர்களோட ஆராய்ச்சிக்கு கைடா இருக்குற சார் மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

நான் பெங்களூர்ல ஒரு மெடிக்கல் யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரில ஸ்டடி கோஆர்டினேட்டர். பேரு வேணாமே, கான்ட்ராக்ட் மார்ச் 31ல முடியுது, ரென்யூ ஆகணும், புரிஞ்சுக்கோங்க. ஓபிடி வாசல்ல ஃபைலோட நின்னுக்கிட்டு "அம்மா, ஒரு நிமிஷம் பேசலாமா"ன்னு கூப்புடுறது, கன்சென்ட் ஃபார்ம, அதான் சம்மதப் படிவத்த, படிச்சுக் காட்டுறது, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குறது, ரத்தம் எடுக்க கூட்டிட்டுப் போறது, ஊதா மூடி டியூப்ல நம்பர் ஒட்டுறது, மூணு மாசம் கழிச்சு ஃபாலோஅப்புக்கு வாங்கன்னு போன் போட்டு கெஞ்சுறது, எல்லாம் என் வேலைதான். உங்க பேப்பர்ல மெத்தட்ஸ்னு ஒரு பகுதி வருமே, அதுல ஆள் சேர்த்த விவரம்னு ஒத்த வரி இருக்கும் பாருங்க, அந்த வரிக்குள்ள இருக்குற ஆளு நான்.

போன ரிசர்ச் டேக்கு மெயின் கேட்ல பெரிய ஃப்ளெக்ஸ் கட்டுனீங்க. இந்த வருஷம் எத்தன பேப்பர், எத்தன பேட்டன்ட், இம்பாக்ட் ஃபேக்டர் (ஜர்னலோட மதிப்பக் காட்டுற நம்பர்) எவ்ளோ, போன வருஷத்தவிட எவ்ளோ ஏறியிருக்குன்னு எல்லாம் கொட்டை எழுத்துல. மைசூர்பாக்கும் குடுத்தாங்க, நல்லாவே இருந்துச்சு. அந்த நம்பர் மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல, அதுக்காக ராத்திரி முழுக்க டைப் பண்ண பிஜி பசங்கள எனக்குத் தெரியும். ஆனா அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழயேதான் ஓசூர் கிருஷ்ணகிரி பக்கத்துலேர்ந்து விடியக்காலைல பஸ் ஏறி வந்தவங்க டோக்கனுக்கு வரிசைல நின்னுட்டு இருந்தாங்க. அதுல நாலஞ்சு பேர் நம்ம ஸ்டடில இருக்குறவங்க. அவங்க ரத்தம்தான் மேல நம்பரா தொங்குது, அது அவங்களுக்கே தெரியாது. ஏன்னா நாம யாரும் சொல்லல.

நான் கேக்க வந்தது அவ்ளோதான். ஒரு ஸ்டடி முடிஞ்சா, அதுல சேர்ந்தவங்களுக்கு என்ன தெரிஞ்சுதுன்னு ஒரு பக்கத்துல, அவங்க படிக்கிற பாஷைல எழுதிக் குடுங்க. பேப்பர் வந்தாலும் சரி, வரலேன்னாலும் சரி.

"இது என்னம்மா புதுசா ஒரு வேலை"ன்னு நெனைப்பீங்க. புதுசே இல்ல சார். உலக மருத்துவ சங்கம் 1964ல கொண்டுவந்த ஹெல்சிங்கி பிரகடனம், மனுஷங்கள வெச்சு ஆராய்ச்சி பண்றதுக்கான நெறிமுறை, நம்ம எத்திக்ஸ் கமிட்டிக்கு வர்ற ஒவ்வொரு ப்ரோட்டோகால்லயும் (ஆராய்ச்சித் திட்டத்துலயும்) கடைசி பக்கத்துல "இதைப் பின்பற்றுவோம்"னு இருக்குமே, அதே பிரகடனத்துலதான் ஆராய்ச்சில கலந்துக்கிட்ட எல்லாருக்கும் பொதுவான முடிவு என்னன்னு தெரிஞ்சுக்குற வாய்ப்ப குடுக்கணும்னும் இருக்கு. 2013லயும் இருந்துச்சு, 2024ல திருத்துனப்பவும் இருக்கு. அதுலயே இன்னொண்ணும் இருக்கு, நல்லா வந்த ரிசல்ட் மட்டும் இல்ல, ஒண்ணும் இல்லேன்னு வந்ததையும் தெளிவா வராததையும்கூட வெளிய விடணும்னு. அந்தப் பக்கத்துல நாம கையெழுத்து போடுறோம், ஸ்டாம்ப் அடிக்கிறோம், அலமாரில வெக்கிறோம்.

ஒரு பாட்டி கதை சொல்றேன். சிவாஜிநகர் பக்கம் பூ கட்டி விக்கிறவங்க. சுகர் வந்து ரொம்ப வருஷம், மெட்ஃபார்மின் போடுறாங்க, ராத்திரில பாதம் எரியுதுன்னு ஓபிடிக்கு வந்தாங்க. அப்ப ஒரு பிஜி ஸ்டூடன்ட்டோட தீசிஸ் (டிகிரிக்காகப் பண்ற ஆராய்ச்சி) ஓடிட்டு இருந்துச்சு, மெட்ஃபார்மின் நாள்பட போடுறவங்களுக்கு வைட்டமின் பி12 குறையுதான்னு பாக்குறது. டாக்டர்களுக்கு இது தெரிஞ்ச விஷயம்தான், அந்த மாத்திரை குடல்ல பி12 உள்ள போறத கொஞ்சம் தடுக்கும், டோஸும் வருஷமும் ஏற ஏற குறையறதுக்கு வாய்ப்பும் ஏறும், 2022ல பிரிட்டன் மருந்து கட்டுப்பாட்டு அமைப்புகூட இது அடிக்கடி வர்ற பக்கவிளைவுதான், அறிகுறி இருந்தா டெஸ்ட் பண்ணுங்கன்னு டாக்டர்களுக்கு எழுதுச்சு. பி12 குறைஞ்சாலும் கால் எரியும், சுகராலயும் எரியும், ரெண்டும் பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும். சுகரால வந்ததுன்னா சீக்கிரம் போகாது, பி12ன்னா ஊசியோ மாத்திரையோ போட்டா கொறைய வாய்ப்பு இருக்கு. அப்ப பாட்டிக்கு இது தெரியவேண்டிய விஷயமா இல்லையா?

பாட்டி கன்சென்ட் குடுத்தாங்க, கைநாட்டு, சாட்சிக்கு பேத்தி கையெழுத்து. ரத்தம் குடுத்தாங்க, திரும்ப வரச்சொன்ன அன்னிக்கும் வியாபாரத்த விட்டுட்டு வந்து குடுத்தாங்க. தீசிஸ் முடிஞ்சுது, பேப்பரும் வந்துச்சு, ஃப்ளெக்ஸ்ல இருந்த நம்பர்ல அதுவும் ஒண்ணு. அப்பறம் ஒருநாள் ஃபார்மசி கிட்ட பாட்டி என்ன புடிச்சுக்கிட்டு, "ஏம்மா, அந்த ரத்தத்த எடுத்துட்டுப் போனீங்களே, அதுல என்னம்மா வந்துச்சு?"ன்னு கேட்டாங்க. அவங்க ஓபி சீட்டுல பி12 அளவு எங்கயும் எழுதல, அது ரிசர்ச் சாம்பிளாம், ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டோட சேராதாம். தீசிஸ் எழுதுன டாக்டர் பாஸாகி மங்களூர் போயாச்சு. அவரோட கைடுகிட்ட போய் கேட்டேன், "எக்செல் ஷீட் அவன்கிட்டதாம்மா இருக்கும்"னாரு. கடைசில வார்டுல இருந்த ஒரு சீனியர் ரெசிடென்ட் கொஞ்சம் பெரிய மனசு பண்ணி புதுசா டெஸ்ட் எழுதிக் குடுத்தாரு, பாட்டி காசு கட்டி மறுபடி எடுத்தாங்க. நாம ஏற்கனவே பாத்து வெச்ச ஒண்ண, அவங்க காசுலயே ரெண்டாவது தடவ பாக்க வெச்சிருக்கோம். இதுக்கு என்ன பேர் வெக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க.

இத ஒரு மீட்டிங்ல வாய்விட்டுக் கேட்டப்ப ஒரு மூத்த ப்ரொஃபசர் சிரிச்சுக்கிட்டே, "அவங்களுக்கு ஸ்டடி ரிசல்ட் எல்லாம் புரியாதும்மா"ன்னாரு. சார், உங்கமேல மரியாதை நிறைய இருக்கு. ஆனா எட்டு பக்கம் கன்சென்ட் ஃபார்ம், ரிஸ்க், பெனிஃபிட், ரகசியம் காப்பது, நஷ்டஈடு, எப்ப வேணா வெளியேறலாம், இத்தனையும் படிச்சுக் கேட்டுப் புரிஞ்சுக்கிட்டுதான் கைநாட்டு வெச்சாங்கன்னு நீங்கதான கமிட்டிக்கு எழுதிக் குடுத்தீங்க? குடுக்கும்போது புரிஞ்ச மூளைக்கு வாங்கும்போது மட்டும் புரியாம போயிடுமா? ரெண்டுல ஒண்ணுதான் நெஜமா இருக்க முடியும்.

ஒரு பக்கம்னா எப்படி இருக்கும்னு நானே எழுதிப் பாத்தேன்:

"வணக்கம். நீங்க நம்ம ஆஸ்பத்திரில பி12 ஸ்டடில கலந்துக்கிட்டீங்க, ரொம்ப நன்றி. மெட்ஃபார்மின் மாத்திரை ரொம்ப வருஷமா போடுற இத்தன பேரோட ரத்தத்தப் பாத்தோம். அதுல இத்தன பேருக்கு பி12 சத்து குறைவா இருந்துச்சு. அதுக்காக மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க, சுகருக்கு அது நல்ல மாத்திரை. கால் எரிச்சல், மரமரப்பு, ரொம்ப அசதி இருந்தா அடுத்த தடவ வரும்போது டாக்டர்கிட்ட பி12 பத்தி கேளுங்க. எங்க ஸ்டடி சின்னது, ஒரே ஆஸ்பத்திரில நடந்தது, எல்லாருக்கும் இப்படித்தான்னு இத வெச்சு சொல்ல முடியாது. உங்க சொந்த ரிசல்ட் வேணும்னா இந்த சீட்டோட ரூமுக்கு வாங்க."

அந்த ரெண்டு 'இத்தன'லயும் உங்க டேபிள்ல இருக்குற நம்பர போட்டா வேலை முடிஞ்சுது. பக்கத்து வீட்டம்மாவுக்கும் படிச்சுக் காட்டுனேன், அவங்களுக்கும் சுகர்தான். "அப்ப நானும் கேக்கணும்போலயே"ன்னாங்க. ஜர்னல்ல வந்த பேப்பர் இந்த வேலைய செய்யுமா?

அலமாரி பத்தியும் சொல்லணும். டிபார்ட்மென்ட்ல பின்னாடி ரூம்ல ஸ்டீல் அலமாரி நாலு இருக்கு, பைண்டு பண்ண தீசிஸ், கறுப்பு அட்டை தங்க எழுத்து. ஒவ்வொண்ணுலயும் அறுபதோ நூறோ பேர் இருக்காங்க. அதுல பேப்பரா வெளிய வந்தது கொஞ்சம்தான், எது வந்துச்சு எது வரலேன்னு பாத்தா ஒரு ஒழுங்கு தெரியும். பி வேல்யூ (உண்மைல வித்தியாசமே இல்லேன்னாலும் இப்படி ஒரு ரிசல்ட் தற்செயலா வர எவ்ளோ வாய்ப்புன்னு சொல்ற நம்பர்) 0.05க்குக் கீழ வந்தது வெளிய வந்திருக்கும், "வித்தியாசம் இல்லை"ன்னு வந்தது அலமாரிலயே தூங்கும். கைடுக்கு இன்ட்ரஸ்ட் போயிடும், ஸ்டூடன்ட் டிகிரி வாங்கிட்டுப் போயிடுவாரு, ஜர்னலும் அவ்ளோ சீக்கிரம் எடுக்காது. இதுல என்ன கெடுதல்னு கேக்குறவங்களுக்கு, ஒரு பேச்சுக்கு உண்மையிலேயே எந்த வேலையும் செய்யாத ஒரு மருந்த 20 காலேஜ்ல தனித்தனியா டெஸ்ட் பண்றாங்கன்னு வெச்சுக்கோங்க. அந்த 0.05 கணக்குப்படியே சராசரியா ஒரு இடத்துல சும்மா அதிர்ஷ்டத்துலயே "வேலை செய்யுது"ன்னு வரும். அந்த ஒண்ணு அச்சாகும், 19ம் அலமாரிக்குப் போகும். அப்பறம் தேடிப் படிக்கிற டாக்டருக்கு அந்த ஒண்ணுதான் கண்ணுல படும், மருந்து எழுதுவாரு, பேஷன்ட் காசு குடுத்து வாங்குவாரு. எங்க ஓபிடி வாசல்ல ஆரம்பிச்ச பொய் இல்ல அது, யாரும் பொய்யே சொல்லாம வந்த பொய்.

ஒரு பக்கம் சீட்டு கட்டாயம்னு வெச்சா இந்த ஒளிவுமறைவும் கொஞ்சம் கொறையும். பேஷன்ட்டுக்கு "இந்த மருந்துல வித்தியாசம் ஒண்ணும் தெரியல"ன்னு எழுதிக் குடுத்ததுக்கு அப்பறம் அத எங்க போய் மறைக்கிறது.

இந்தியால ட்ரயல் பதியுறதுக்கு சி.டி.ஆர்.ஐ. 2007ல ஆரம்பிச்சாங்க, 2009 ஜூன்லேர்ந்து கட்டாயம், 2018 ஏப்ரல்லேர்ந்து முதல் ஆள சேர்க்கறதுக்கு முன்னாடியே பதியணும்னு ஆச்சு. பதியுறது என்னமோ நாமளும் பதியுறோம், எத்திக்ஸ் லெட்டர் வந்த மறுநாளே உக்காந்து பதிவேன். அப்பறம் அந்தப் பக்கத்த யாராவது திரும்பிப் பாக்குறோமா? தீசிஸ் முடிஞ்சு டாக்டர் கன்சல்டன்ட் ஆகி கல்யாணமும் ஆகியிருக்கும், அங்க மட்டும் "இன்னும் ஆள் சேர்க்கத் தொடங்கவில்லை"ன்னே இருக்கும். நம்ம ஐ.சி.எம்.ஆர்., அதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், 2017ல உலக சுகாதார நிறுவனத்தோட சேர்ந்து, ட்ரயல் ரிசல்ட்ட காலக்கெடுவுக்குள்ள வெளிய சொல்லணும்னு கையெழுத்து போட்ட அமைப்புகள்ல ஒண்ணு. ஐரோப்பால இன்னும் ஒரு படி மேல, அங்க மருந்து ட்ரயல் முடிஞ்சு ஒரு வருஷத்துக்குள்ள சாதாரண ஜனங்களுக்குப் புரியற மாதிரி ஒரு சுருக்கமும் குடுக்கணும்னு சட்டத்துலயே இருக்கு, 2022 ஜனவரி கடைசிலேர்ந்து அமல்.

இவ்ளோ நாள் ஏன் யாரும் செய்யலேன்னா, இதுக்கு மார்க் கெடையாது, வேற காரணமே இல்ல. மத்திய அரசு காலேஜ்களுக்கு ரேங்க் போடுற என்.ஐ.ஆர்.எஃப். பட்டியல்ல யுனிவர்சிட்டிக்கு ஆராய்ச்சிப் பகுதிக்கு மட்டும் 30 சதவீதம், அதுல பேப்பர் எண்ணிக்கை இருக்கு, சைட்டேஷன் (அந்தப் பேப்பர எத்தன பேர் மேற்கோள் காட்டுனாங்கன்னு) இருக்கு, பேட்டன்ட் இருக்கு, பாட்டி இல்ல. ப்ரமோஷனும் அப்படித்தான், 2015ல மெடிக்கல் கவுன்சில் முதல் ரெண்டு ஆதருக்கு மட்டும்தான் கணக்குன்னு சொன்னப்ப யார் பேரு முதல்ல வரணும்னு நடந்த பஞ்சாயத்தெல்லாம் பழைய ஸ்டாஃப் இன்னும் சொல்லி சிரிப்பாங்க. விதி மாறிட்டே இருக்கு, எது நல்ல ஜர்னல்னு சொல்ல பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) வெச்சிருந்த கேர் லிஸ்ட்டயே 2025 பிப்ரவரில நிறுத்திட்டாங்க, தப்பு இருக்குன்னு ஜர்னல்லேர்ந்து திரும்ப வாங்குன பேப்பருக்கு என்.ஐ.ஆர்.எஃப்.ல மைனஸ் மார்க்கும் வந்தாச்சு. எண்ணுறதுல மட்டும் மாத்தம் இல்ல.

எண்ணவே கூடாதுன்னு சொல்றவ நான் இல்ல. டெல்லில டாக்டர் சமிரன் நந்தியும் கூட இருந்தவங்களும் 2016ல ஒரு கணக்கு போட்டாங்க, 2005லேர்ந்து 2014 வரைக்கும் நம்ம நாட்டு மெடிக்கல் இன்ஸ்டிட்யூஷன் 579ஐ எடுத்துப் பாத்தா 332 இடத்துலேர்ந்து ஒரு பேப்பர்கூட வரல, வெறும் 25 இடம்தான் வருஷத்துக்கு 100க்கு மேல போட்டுது, நாட்டோட மொத்தத்துல 40 சதவீதம் அந்த 25லேர்ந்தே வந்துச்சு. அப்படி ஒரு நெலமைல நம்ம யுனிவர்சிட்டி பேப்பர் போடுதுன்னா சந்தோஷம்தான். ஆனா வெறும் எண்ணிக்கைக்குன்னு ஓடுனா என்ன ஆகும்னு ஃபைல் தூக்குறவங்களுக்குத் தெரியும், ஒரே பேஷன்ட் ஒரே காலைல மூணு ஸ்டடிக்கு மூணு தடவ கைய நீட்டுவாரு.

நம்ம ஊர்லயே வேற மாதிரி நடந்திருக்கு. பல்லாரி ரோட்டுல நேஷனல் டிபி இன்ஸ்டிட்யூட் இருக்குல்ல, அங்கேர்ந்து டாக்டர் பானர்ஜியும் ஆண்டர்சனும் தும்கூர் பக்கம் கிராமங்களுக்குப் போய் டிபி இருக்குறவங்ககிட்ட உக்காந்து பேசுனாங்க, 1963ல பேப்பரா வந்துச்சு. கிராமத்து ஜனங்களுக்கு விழிப்புணர்ச்சி கெடையாது, நாமதான் வண்டி எடுத்துட்டுப் போய் எக்ஸ்ரே எடுத்துக் கண்டுபுடிக்கணும்னு பெரிய ஆளுங்க பேசிட்டிருந்த காலம் அது. போய்க் கேட்டா, பாதிக்கு மேல ஜனங்க இருமலோட ஏற்கனவே வைத்தியம் தேடிப் போயிருக்காங்க, அங்க சளியக்கூட பாக்காம இருமல் மருந்து பாட்டில குடுத்து அனுப்பியிருக்காங்க! ஜனங்க சரியாத்தான் இருந்திருக்காங்க, ஆஸ்பத்திரிதான் தூங்கியிருக்கு. தேசிய டிபி திட்டத்துல சாதாரண ஆஸ்பத்திரிலயே சளி டெஸ்ட்னு வெச்சதுக்கு அந்த வேலைதான் ஒரு முக்கியமான ஆதாரம்.

மெட்ராஸ்லயும் 1956ல டிபி ஆராய்ச்சி மையம் தொடங்கி, வீட்லயே மருந்து சாப்பிடுறதும் சானடோரியத்துல (டிபிக்குன்னே இருந்த ஆஸ்பத்திரில) படுக்கறதும் ஒண்ணுதானான்னு பாத்தாங்க. நெரிசலான வீடு, சத்து கம்மி சாப்பாடு, அப்படியும் வீட்ல இருந்தவங்களுக்கு கிட்டத்தட்ட அதே அளவு குணம்னு 1959ல சொன்னாங்க, வீட்ல மத்தவங்களுக்கு அதனால கூடுதலா பரவவும் இல்லேன்னு அதுக்கப்பறம் சொன்னாங்க, உலகம் பூரா சானடோரியம் காலியாச்சு. இந்த ரெண்டும் எத்தன பேப்பர்னு இன்னிக்கு யாராவது கேக்குறாங்களா? ரிசல்ட் ஜனங்க வீடு வரைக்கும் போச்சு, அதான் பேச்சு.

சிக்கல் இல்லாமயும் இல்ல, நான் தெனமும் பாக்குறவ. டிபி, எச்.ஐ.வி., மனநலம் மாதிரி ஸ்டடில சீட்ட வீட்டுக்கு தபால்ல அனுப்புனா பக்கத்து வீடு வரைக்கும் தெரிஞ்சு குடும்பத்துல பிரச்சனை ஆயிடும், அதனால எப்படி சொல்லணும், போன்லயா நேர்லயா, சொல்லவே வேணாமான்னு கன்சென்ட் வாங்கும்போதே கேட்டு எழுதிக்கணும். போன் நம்பர் மாத்திட்டுப் போறவங்க நிறைய, சில பேரு அதுக்குள்ள இறந்தும் போயிருப்பாங்க, அந்த வீட்டுக்கு எப்படி சொல்றதுன்னு யோசிக்கணும். ஆனா சுகர், பிபி, கிட்னின்னு வர்றவங்க மாசா மாசம் இதே ஓபிடிக்குத்தான வர்றாங்க, அவங்களுக்கு கைல குடுக்க என்ன கஷ்டம்? ஜர்னல்காரங்க கோச்சுக்குவாங்கன்னு ஒரு பயம் சொல்றீங்க, அப்படின்னா பேப்பர் வந்த அன்னிக்கே குடுங்க, எந்த ஜர்னலும் ஒண்ணும் சொல்லாது. பேப்பரே வரலேன்னா தீசிஸ் சப்மிட் பண்ண நாள்லேர்ந்து ஆறு மாசம்னு வெச்சுக்கலாம்.

காசு? ஒரு ஏ4 பேப்பரோட ஜெராக்ஸ் செலவு. ஒரு பேப்பர் அச்சாகறதுக்கு ஜர்னலுக்குக் கட்டுற ஃபீஸ அக்கவுன்ட்ஸ்ல கேட்டுப் பாருங்க, அதுல ஒரு ஓரத்த கிள்ளுனாலே எல்லா ஸ்டடிக்கும் வந்துடும்.

இதுக்கு புது கமிட்டி எதுவும் போடாதீங்க, தயவுசெஞ்சு. எத்திக்ஸ் அப்ளிகேஷன் ஃபார்ம்ல "முடிவை பங்கேற்றவங்களுக்கு எப்போ, எப்படி சொல்வீங்க?"ன்னு ஒரு கட்டம் சேருங்க. ஸ்டடி முடிஞ்சதும் குடுக்குற க்ளோஷர் ரிப்போர்ட்டோட அந்த ஒரு பக்க சீட்டும் இருந்தாதான் ஃபைல மூடணும்னு சொல்லுங்க. எக்செல் ஷீட் ஸ்டூடன்ட்டோட லேப்டாப்ல மங்களூர் போகாம ஒரு காப்பி டிபார்ட்மென்ட்ல இருக்கட்டும். வைத்தியத்துக்கு உதவுற ரிசல்ட்ட அன்னிக்கே ஓபி சீட்டுல ஏத்தணும். அடுத்த ரிசர்ச் டே ஃப்ளெக்ஸ்ல, பேப்பர் நம்பருக்குப் பக்கத்துல எத்தன ஸ்டடிக்கு சீட்டு குடுத்தோம்னும் போடுங்க. முதல் வருஷம் அந்த நம்பர் சின்னதாத்தான் இருக்கும், பரவால்ல, போடுங்க.

நான் மேல எழுதுன மாதிரி சீட்டுக்கு ஒரு பொது ஃபார்மட் தமிழ்ல ரெடி பண்ணி எத்திக்ஸ் கமிட்டி மெம்பர் செக்ரட்டரி ஆபீஸ்ல குடுத்திருக்கேன், கன்னடத்துல எங்க ரூம்ல இருக்குற இன்னொரு கோஆர்டினேட்டர் எழுதிட்டாங்க. தெலுங்குக்கும் உருதுக்கும் ஆள் வேணும், வார்டுல யாராவது இருந்தா சொல்லுங்க. அடுத்த கமிட்டி மீட்டிங் அஜெண்டால இத சேர்க்கணும்னா டீன் கையெழுத்து வேணுமாம், ஃபைல் அவர் டேபிள்ல இருக்கு.

இப்படிக்கு,
ஓபிடி வாசல்ல ஃபைலோட நிக்கிற ஒரு ஸ்டடி கோஆர்டினேட்டர்,
பெங்களூர்